பின் இருக்கை இல்லாத வண்டி

எங்கள் ஷோரூமுக்கு அந்த அம்மா வந்தால் ஒரு காபியும் ஒரு டீயும் கொண்டுவந்து வைக்க வேண்டும். காபியில் இரண்டு வாய் குடிப்பார், டீயில் இரண்டு வாய் குடிப்பார். பிறகு இரண்டு கோப்பைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டும் ஆறிப்போகும். "ரெண்டும் நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்வார்.

அவிநாசி சாலையில் பழைய சொகுசுக் கார்களை வாங்கி விற்கும் நிறுவனம் அது. வரும் வண்டிகளின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கணினியோடு இணைத்துச் சோதிப்பது என் வேலை. வாங்க வருகிறவர்கள் தொழில்நுட்பமாக ஏதாவது கேட்டால் விளக்க வேண்டும். ஓட்டிப் பார்க்க விரும்பினால் பக்கத்தில் உட்கார்ந்து போய்வர வேண்டும். எனக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். பீளமேட்டில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அலாரம் வைக்காமல் தூங்கலாம் என்பதைத் தவிர வார இறுதிக்கு எனக்கு வேறு பொருள் இருந்ததில்லை.

அவர் சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வருவார். அவருடைய பழைய வெள்ளைக் கார் வாசலில் திரும்பும்போதே விற்பனைப் பிரிவிலிருந்து யாராவது என் மேசைக்கு வந்து, "மேடம், உங்க சனிக்கிழமை வந்தாச்சுங்க. ஒரு காபி, ஒரு டீ, ரெண்டு காரு" என்பார்கள்.

அறுபதை நெருங்கும் வயது. கஞ்சி போட்ட பருத்திச் சேலை. மூக்குக்கண்ணாடியிலும் இரண்டு: ஒன்று முகத்தில், ஒன்று தலைமேல். எந்தச் சட்டம் முகத்துக்குப் பொருந்துகிறது என்று கடையில் முடிவு செய்ய முடியாமல் இரண்டையும் வாங்கிவிட்டதாகச் சொன்னார். கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சோமனூர்ப் பக்கம் இருந்த நூற்பாலையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கோவையில் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகன் மெல்போர்னில்.

அப்போது எங்களிடம் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் விற்காமல் நின்றன. திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒருவரிடமிருந்து ஒன்றாக வந்தவை. விலையில் பெரிய வேறுபாடு இல்லை. நீல வண்டி ஆட்டோமேட்டிக், எட்டு கியர். சிவப்பு வண்டி டூயல் கிளட்ச், ஏழு கியர். இரண்டும் தரையை ஒட்டி நிற்பவை. ஆசையோடு வருகிறவர்கள் நம் ஊர் வேகத்தடைகளை நினைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தார்.

முதல் நாள் நான் வரிசைப்படுத்தி விளக்கினேன். எனக்கு வேறு மாதிரி விளக்கத் தெரியாது. ஆட்டோமேட்டிக்கில், கிளம்பும்போது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே நேரடிப் பிடிப்பு இல்லை. சுழலும் எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. ஆகவே நெரிசலில் மென்மை, பராமரிப்பில் நிம்மதி. டூயல் கிளட்சில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒரு கிளட்ச். மூன்றாவதில் போய்க்கொண்டிருக்கும்போதே அடுத்துத் தேவைப்படப்போவது நான்கா இரண்டா என்று வண்டி யூகித்து, அதைக் கோத்துத் தயாராக வைத்திருக்கும். மாறுவது தெரியவே தெரியாது. ஆனால் ஊர்ந்து போனால் கிளட்ச் சூடாகும், உதறும். பழுதானால் செலவு அதிகம்.

முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்கு எது ஆகுமுங்க அம்மணி?" என்றார்.

"நீங்க ஓட்டற வேகத்துக்கு ஆட்டோமேட்டிக்தாம்மா சரியா வரும்."

"அப்படிங்களா. நல்லதுங்க. அப்ப ரெண்டையும் இன்னொருக்கா ஓட்டிப் பாத்துருவம்."

அந்த இன்னொருக்கா மாதக்கணக்கில் நீண்டது. அவர் சொல்லி அவருடைய சொந்தக்காரர்கள் பலர் எங்களிடம் கார் வாங்கியிருந்ததால் மேலாளரால் எதுவும் சொல்ல முடியவில்லை. ஒருமுறை மட்டும், சிரித்தபடியே, "ஏனுங்கம்மா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க ஸ்போர்ட்ஸ் காரு? நல்ல பெரிய வண்டியா, சொகுசா ஒண்ணு பாக்கலாமே" என்று கேட்டார்.

"பெரிய வண்டிதான் வாசல்ல நிக்குதுங்களே. ஓட்டறப்பக் கண்ணாடியப் பாத்தா பின்னாடி சீட்டு காலியாக் கெடக்குது. பின்னாடி சீட்டே இல்லாத வண்டியா இருந்தா அந்தத் தொந்தரவு இல்ல பாருங்க" என்றார் அவர். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மேலாளர் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

செருப்பைக் கழற்றி என் காலடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவார். முதலில் சிவப்பு, பிறகு நீலம். ஷோரூமிலிருந்து நீலாம்பூர் வரை போய்த் திரும்புவோம். புறவழிச் சாலை பிரியும் இடத்தில் அவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு தடுமாற்றம் வரும். நேராகப் போகலாமா, திரும்பிவிடலாமா? கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எழும், பிரேக்கைத் தொடும், மறுபடி ஆக்சிலரேட்டருக்கு வரும். டூயல் கிளட்சுக்கு இது ஆகாது. வேகம் கூடும் என்று நினைத்து அது மேல் கியரைக் கோத்திருக்கும், இவர் மெதுவாக்கிவிடுவார், அவசரமாகக் கீழ் கியரைத் தேடி ஒரு உதறு உதறும்.

"பாவமுங்க. நான் என்ன செய்யப்போறேன்னு அதுக்குப் புரியல" என்றார் ஒரு நாள்.

"யூகம் தப்பிப்போச்சும்மா, அவ்வளவுதான். அது நம்மளயே கவனிச்சிட்டு இருக்கும். கால் எப்படி மிதிக்குதுன்னு பாத்து அடுத்தத முடிவு பண்ணும்."

"நம்ம என்ன செய்யப்போறம்னு ஒருத்தர் பாத்துட்டே இருக்கறது நல்லாத்தானுங்க இருக்குது. தப்பா யூகிச்சாலும் பரவால்லீங்க" என்றார்.

அவர் ஏன் முடிவெடுக்கவில்லை என்பது எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்தது. நீல வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். அவருடைய கைபேசி வண்டியோடு இணைந்திருந்ததால் மகனின் குரல் கதவுகளிலிருந்து வந்தது.

"எங்கீம்மா இருக்கீங்க?"

"கியரு பாத்துட்டு இருக்கறங் கண்ணு."

"இன்னுமா? எல்லாரும் ஊட்ட வித்துப்போட்டு வண்டி வாங்குவாங்க. நீங்க வண்டிய வாங்குனாத்தான் ஊட்ட விப்பேங்கறீங்க. கேக்கறவங்க சிரிக்கறாங்கம்மா."

"வண்டி முடிவாகட்டும், அப்பறம் அங்க வர்றதப் பேசிக்கலாம்னு சொன்னன்ல? சொன்னாச் சொன்னதுதான்."

"ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சு ஆறு மாசமாச்சும்மா. ஏதோ ஒண்ண வாங்குங்க. ஒரு மாசம் ஆசை தீர ஓட்டுங்க. நான் டிக்கெட் போடறேன்." குரலில் கோபம் இல்லை. கெஞ்சலும் அசதியும் கலந்திருந்தன. "தனியா அங்க உழுந்து கெடந்தா யாரும்மா பாப்பாங்க?"

"பக்கத்துல ஆளு இருக்குது கண்ணு, அப்பறம் பேசறேன்" என்று துண்டித்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இதுல கெளம்பறது எவ்வளவு பதமா இருக்குது பாத்தீங்களாங்க" என்றார். வண்டி அப்போது சிக்னலில் நின்றுகொண்டிருந்தது.

அன்று முதல் எனக்குத் தெரியும். அந்த இரண்டு கியர்பாக்ஸ்களில் ஒன்று வெல்லாத வரை அவர் கோவையில் இருப்பார்.

ஒரு சனிக்கிழமை மழையால் ஓட்ட முடியவில்லை. "ஊட்டுக்கு வாங்க, அரிசிம்பருப்புச் சாப்பாடு ஆக்கிருக்குது" என்று அழைத்துப் போனார். பெரிய கூடம். நடுவே இரண்டு பயணப்பெட்டிகள் நின்றன. ஒன்று கெட்டியான ஓடு, மற்றது துணி. இரண்டிலும் கடையின் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. மகன் வாங்கச் சொன்னாராம். "அது ஒடையாதுங்க, இது கனமில்லீங்க" என்றார். பெட்டிகளைச் சுற்றித்தான் நடக்க வேண்டியிருந்தது. அவருக்கு அது பழகியிருந்தது, பார்க்காமலே விலகிப் போனார். நெய் ஊற்றிப் பரிமாறிவிட்டு நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் விடுதியில் எல்லோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம். ஒருவர் பார்க்கச் சாப்பிட்டு நெடுநாள் ஆகியிருந்ததால் எனக்குக் கை கூசியது.

பிறகு கொச்சியிலிருந்து ஒருவர் சிவப்பு வண்டியைக் கேட்டார். படங்களைப் பார்த்ததுமே விலைக்கு ஒத்துக்கொண்டு, அடுத்த வாரம் நேரில் வருவதாகச் சொன்னார். மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "அம்மாகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க. வேணும்னா அதுக்குள்ள அவங்க எடுத்துக்கட்டும். முதல் உரிமை அவங்களுக்குத்தான். எதுவானாலும் சனிக்கிழமையோட முடிச்சுக்கலாங்க."

போனில் சொன்னேன். "அப்படின்னா சென்னிமலைல பூக் கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க" என்றார்.

அவர்கள் குடும்பத்தில் எல்லாமே அப்படித்தான் முடிவாகுமாம். மில்லுக்கு இடம் வாங்கியது, மகனுக்குப் பெண் எடுத்தது, மில்லைக் குத்தகைக்கு விட்டது. மலைமேல் முருகன் தலையில் இரண்டு பக்கமும் பூ வைப்பார்கள். மனதில் கேட்டுக்கொள்ள வேண்டும். வலப்பக்கப் பூ விழுந்தால் செய்யலாம். இடப்பக்கம் விழுந்தால் கூடாது. எது விழுந்தாலும் அதற்குப் பிறகு பேச்சில்லை. துணைக்கு என்னையும் கூப்பிட்டார். மேலாளர் உடனே விடுப்பு கொடுத்தார். "பூ உழுந்த கையோட அட்வான்ஸும் வாங்கிட்டு வந்துருங்க மேடம்."

அவருடைய வெள்ளைக் காரில் பெருந்துறை தாண்டும்போது கேட்டேன். "என்னன்னு கேக்கப் போறீங்கம்மா?"

"செவப்பு வண்டிய எடுத்துக்கட்டுமான்னுதான்."

"இடது பக்கம் விழுந்தா?"

"அப்ப நீலமுன்னு ஆயிருமுங்க."

"அப்போ எப்படி விழுந்தாலும் முடிவாயிருமே."

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சில நாளு உழுகவே உழுகாதுங்க அம்மணி. பொழுதுக்கும் உக்காந்திருந்துபோட்டு எந்திரிச்சு வர வேண்டியதுதான். உத்தரவு இல்லைன்னு அர்த்தம். மில்லு எடத்துக்கு அப்படித்தான் மூணு தாட்டி நடந்தம். உத்தரவு இல்லாம ஒரு பொருளத் தொடமாட்டோம்னு உங்க மேனேஜருக்கும் தெரியுமுங்க, அவுரும் இந்த ஊருக்காரருதான." பின்னால் காட்டினார். பின் இருக்கையில் இரண்டு தூக்குப்போசிகளும் தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தன. "அதுக்குத்தான் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிட்டு வந்தனுங்க. உக்கார்றதுன்னு ஆயிப்போச்சு, பசிக்குமில்லீங்களா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் முடிவு கேட்கப் போகவில்லை. தள்ளிவைக்கக் கேட்கப் போகிறார்.

மண்டபத்தில் எங்களுக்கு முன்பே ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. போர்வெல் போட இடம் கேட்டு வந்தவர்கள். காலையிலிருந்து பூ அசையவில்லை என்று அந்த வீட்டுப் பெரியவர் சலித்துக்கொண்டார். இவர் முகம் தெளிந்தது. "இன்னைக்கு அப்படித்தான் போலிருக்குதுங்க" என்று என் காதில் சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகி, தூணில் சாய்ந்து வசதியாக உட்காரப் பார்த்தார்.

போர்வெல்காரர்கள் எழுந்து ஒதுங்க, குருக்கள் இவருக்காகப் பூ வைத்தார். இவர் கண்ணை மூடினார். கும்பிட்ட கை நெஞ்சுக்கு வந்து சேர்வதற்குள் வலப்பக்கப் பூ விழுந்துவிட்டது.

"நல்ல உத்தரவுங்கம்மா!" என்றார் குருக்கள். போர்வெல் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தா, உங்களுக்கு யோகமுங்க. நாங்க காலைல இருந்து கெடக்கறம், உங்களுக்கு வந்ததும் குடுத்துட்டாரு. என்ன விசயமுங்க?" என்றார்.

"காரு வாங்கறதுக்குங்க" என்றார் இவர்.

"சந்தோசமுங்க!"

இவர் பூவைக் கையில் வாங்கிக்கொண்டு, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடிவாரத்தில் ஒரு வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டோம். அவர் தயிர்சாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். வேறொன்றை ருசி பார்க்காமல் அவர் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"அம்மணி, அந்தச் செவப்பு வண்டில ஏதாச்சும் ஒரு கொறை சொல்லுங்க" என்றார் திடீரென்று.

சொன்னேன். நெரிசலில் உதறும். மேட்டில் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரிலேயே பிடித்து நிறுத்தினால் கிளட்ச் சூடாகும். முன்பக்கம் தரையில் உரசும். கிளட்ச் மாற்ற நேர்ந்தால் ஒரு சின்ன காரின் விலை ஆகும். பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வாரக்கணக்கில் வண்டி சும்மா நிற்கும். உங்கள் ஓட்டத்துக்கு நீலம்தான் பொருத்தம் என்று முதல் நாளே சொன்னேன், இப்போதும் அதையே சொல்கிறேன். இதற்கு முன் எந்த வாடிக்கையாளரிடமும் ஒரு வண்டியை இவ்வளவு வேகமாகக் குறை சொன்னதில்லை. சொல்லச் சொல்ல எனக்கு மூச்சு வாங்கியது.

முழுவதையும் கேட்டார். தூக்குப்போசியை மூடினார். "எல்லாம் சரிதானுங்க. ஆனா நீங்க சொல்றது அவருக்கும் தெரிஞ்சிருக்குமில்லீங்களா" என்று மலையைப் பார்த்தார். "கேக்காம இருந்திருக்கோணும். கேட்டுப்போட்டேன்."

வண்டி எடுத்த நாளில் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். மாலை போட்டோம். குடும்பத்தோடு படம் எடுப்பது எங்கள் ஷோரூமில் வழக்கம். படம் எடுக்கிறவர், "வீட்ல இருந்து வந்தவங்க எல்லாம் இந்தப் பக்கம் நில்லுங்க" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். அவர் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு அங்கிருந்தே மகனை அழைத்தார்.

"வண்டி எடுத்தாச்சு கண்ணு... ம்... செவப்பு... ஆமா, உத்தரவு ஆயிருச்சு." மறுமுனை நெடுநேரம் பேசியது. இவர் பக்கத்தில் நின்ற நீல வண்டியின் கூரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "போடு."

டிக்கெட் தேதிக்கு முன்னால் இருந்த சனிக்கிழமைகளிலும் வந்தார், சொந்தச் சிவப்பு வண்டியில். வந்து நீலத்தை ஓட்டிப் பார்க்கக் கேட்டார். விற்பனைப் பிரிவில் யாரும் சிரிக்கவில்லை. காபியும் டீயும் எப்போதும்போல வந்தன. கடைசிச் சனிக்கிழமை என்னை விடுதி வாசலில் இறக்கிவிட்டு, எந்தப் பெட்டியை எடுத்துப் போகிறார் என்று நான் கேட்டதற்கு, "ரெண்டுக்கும் சாமான் இருக்குதுங்க" என்றார். பீளமேட்டுப் பேருந்துகளுக்கு நடுவே அந்தச் சிவப்பு வண்டி ஊர்ந்து ஊர்ந்து போய் மறைந்தது.

அவர் போன சில மாதங்களில் வீடு விற்பனைக்குப் போனது. வண்டி எங்களிடமே திரும்பி வந்தது. நீல வண்டி இன்னும் விற்கவில்லை. அதன் பக்கத்திலேயே நிறுத்தினார்கள்.

மறுவிற்பனைக்கு முன் கியர்பாக்ஸ் பழகி வைத்திருப்பதை அழிக்க வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, எவ்வளவு மெதுவாகப் பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் டூயல் கிளட்ச் ஓட ஓடக் கற்றுக்கொண்டு நினைவில் வைத்திருக்கும். அழிக்கும் முன் ஒரு சுற்று ஓட்டினேன். அந்த வண்டியை அவரைவிட அதிக நாள் அறிந்தவள் நான். ஆனாலும் அது எனக்குப் புதிதாக இருந்தது. அவ்வளவு மெதுவான காலுக்கு அது பழகிவிட்டிருந்தது. நெரிசலில் ஊர்ந்தேன். உதறவே இல்லை.

திரும்பி வந்து கணினியை இணைத்தேன். 'அழிக்கவா?' என்று திரை கேட்டபோது கைபேசி அடித்தது. மெல்போர்ன் எண்.

"ஏனுங்க அம்மணி, சாப்டீங்களா?"

"ஆச்சும்மா. நீங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லாத்தானுங்க பாத்துக்கறாங்க. இங்க பையனோட வண்டி கரண்டு வண்டிங்க. கியரே கெடையாதுங்க. மிதிச்சா போகுது, உட்டா நிக்குது. எத்தப் பாத்து யோசிக்கறதுங்க?"

"உங்க வண்டி இங்கதாம்மா இருக்கு. இப்பத்தான் ஓட்டினேன். நீங்க நல்லாப் பழக்கி வெச்சிருக்கீங்க. கொஞ்சம்கூட உதறல" என்றேன்.

"நெசமாவா?" அந்தக் குரலில் நான் அதுவரை கேட்டிராத பெருமை இருந்தது. "ஒரு தாட்டிகூடவா உதறல?"

"ஒரு தடவகூட இல்லம்மா."

பின்னால் மகனின் குரல் கேட்டது, எங்கோ கிளம்ப அழைக்கும் குரல். "வாரேன் கண்ணு" என்றார் அவர், கைபேசியைச் சற்று விலக்கி. பிறகு என்னிடம், "வெச்சுடறனுங்க. உடம்பப் பாத்துக்கங்க" என்றார்.

நான் ஏதாவது சொல்வதற்குள் தொடர்பு போய்விட்டது.

திரை அதே கேள்வியோடு நின்றிருந்தது. வண்டியை அடுத்த நாள் ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அவருடைய கால் எப்படிப்பட்டதோ. 'ஆம்' என்பதை அழுத்தினேன். நடைமுறைப்படி அதன்பின் ஒருமுறை ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே வண்டி உதறியது.